கொட்டேஷன் கொடுத்தவர் பின்வாங்கினால்: கிருஷ்ணகிரியில் என் அனுபவம்

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு பள்ளிக் கட்டட டெண்டர் எனக்குக் கிடைத்தது. கிரானைட் தரைக்கு பர்கூர்க்காரர் ஒருவர் சதுர அடிக்கு 140 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருந்தார். அதை வைத்துத்தான் என் தொகையைப் போட்டேன். ஒர்க் ஆர்டர் வந்த கையோடு அவரிடமிருந்து வாட்ஸ்அப்: "கல் விலை ஏறிடுச்சுங்க, 175க்குக் குறைச்சு முடியாது."

டெண்டரில் போட்ட ரேட்டை நான் ஏற்ற முடியாது. விலகினால் டெபாசிட் போய்விடும்.

அவருடைய லெட்டர்ஹெட்டின் அடியில் "இந்த ரேட் 90 நாள் செல்லும்" என்று பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வேலை உங்களுக்குத்தான்னு அவருக்குச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. எங்கள் தொழிலில் டெண்டர் முடியும் முன் யாரும் சொல்வதும் இல்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, நம் சம்மதத்தை நாம் அனுப்பும்வரை விலை சொன்னவர் அதைத் திரும்பப் பெறலாம். அவர் ரேட்டை என் டெண்டரில் சேர்த்தது சம்மதம் ஆகாது. அந்த 90 நாள் வாக்குக்கும் நான் பதிலுக்கு எதுவும் கொடுக்கவில்லை, அதனால் அது அவரைக் கட்டாது. 1958இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சப் கான்ட்ராக்டர் (நம்மிடம் வேலையின் ஒரு பகுதியை எடுத்துச் செய்பவர்) சொன்ன விலையை நம்பி டெண்டர் போட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதாம். தார் போடும் வேலை, கிட்டத்தட்ட என் கதைதான். ஆனால் இங்கே அதை நம்பி வழக்குக்குப் போக வேண்டாம் என்றார் வக்கீல்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் யோசனையை விட்டுவிட்டு நேரே அவர் பட்டறைக்குப் போனேன். பலகைக் கல்லை நானே வாங்கித் தருகிறேன், அறுப்பு, பாலிஷ், பதிப்புக் கூலி மட்டும் சொல்லுங்கள் என்றேன். பேசிப் பேசி, கல்லும் கூலியும் சேர்த்து 152இல் நின்றது. அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். லாபம் குறைந்தது, வேலை நிற்கவில்லை.

இப்போது டெண்டர் போடும் முன்பே சப் கான்ட்ராக்டரோடு ஒரு தாள் எழுதிவிடுகிறேன்: "டெண்டர் எனக்குக் கிடைத்தால் இந்த வேலை இந்த ரேட்டில் உங்களுக்கு, நீங்களும் செய்து தர வேண்டும்." ஒன்று நடந்தால் மட்டும் செல்லும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு அதே சட்டத்தின் 31, 32ஆம் பிரிவுகளில் இடம் இருக்கிறது. இருவரும் வாக்குக் கொடுப்பதால் வெறும் வாய்ச்சொல்லாகப் போகாது. மீறினால் வரும் நஷ்டத்தை 73ஆம் பிரிவில் கேட்கலாம். சிலர் கையெழுத்துப் போட மாட்டார்கள். அவர்கள் ரேட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை.