இனிஷியலில் தொடங்கும் பழக்கம்

இதழியல் மாணவருக்கு நல்ல நடைதான் முதல் தேவை என்பார்கள். எனக்கென்னவோ, கேட்டதையே திரும்பக் கேட்கக் கூச்சப்படாத குணம்தான் முதலில் படுகிறது. விசிட்டிங் கார்டில் ஆங்கிலத்தில் 'கே. முருகன்' என்று இருக்கும். அந்த 'கே' தமிழில் க, கா, கி, கு, கோ என எதுவாகவும் இருக்கலாம். ஊகித்து எழுதினால் அச்சில் வேறொரு ஆள் வந்து நிற்பார். நோட்டை அவரிடமே நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலை.

போனில் பதிவு செய்தாலும் குறிப்பு எடுங்கள். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் 'இருவது'ம் 'அறுவது'ம் ஒன்றுபோலத்தான் கேட்கும். எண்ணை இலக்கத்தில் எழுதி, வட்டமிட்டு, கிளம்பும் முன் வாசித்துக் காட்டுங்கள். அன்றிரவே நோட்டைப் புரட்டாவிட்டால் உங்கள் கிறுக்கல் உங்களுக்கே புரியாது.

பொறுமைக்குப் பயிற்சி வேண்டுமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள். "ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்டால் வெறுங்கைதான். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தருவார்கள், விளக்கத்தை அல்ல. பணி ஆணை நகல், ஒப்பந்தத் தொகை, முடிக்க வேண்டிய தேதி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியைக் காலண்டரில் குறிக்காமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.