வீலைக் கழட்டினால் என்னென்ன வாங்குவார்கள்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு கடைக்கு, பில்லிங் மென்பொருளின் திரையை மாற்றித் தரும் வேலை எனக்கு வந்தது. பழைய திரை பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. கேபிள், பேரிங், பிரேக், ரப்பர் என்று வகைகள். ஒவ்வொன்றின் கீழும் கம்பெனி, பார்ட் நம்பர். ஆனால் கவுண்டரில் நிற்பவர்கள் பில் போடும்போது மட்டுமே அதைத் தொட்டார்கள். சரக்கு இருக்கிறதா என்று பார்க்க, மாடிக்குக் குரல் கொடுப்பதுதான் வழக்கம்.

அடிக்கடி போகும் சாமான்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். இதற்குப் பெயர் கார்டு சார்ட்டிங், திரை வடிவமைக்கும் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். புதுப்பையன் கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் மூன்றையும் ஒரே கட்டாக வைத்தான். அப்படியே பழைய திரை! கடையில் நரைத்துப்போன பெரியவரோ பின்பக்க பிரேக் ஷூ, வீல் பேரிங், டிரம் ரப்பர் மூன்றையும் சேர்த்தார்.

“ஏண்ணே, இது மூணும்?”

“வீலைக் கழட்டினா மெக்கானிக் மூணையும் பாத்துடுவான் தம்பி. திரும்பக் கழட்டினா கூலி யாரு குடுப்பா?”

1981-இல் வெளியான ஓர் ஆய்வில் மிஷலின் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் என்ற ஆய்வாளர்கள் மூவரும், மாணவர்களிடமும் கரை கண்டவர்களிடமும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து இப்படித்தான் பிரிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் சாய்தளம், ஸ்பிரிங் என்று கண்ணில் பட்டதை வைத்துப் பிரித்தார்கள்; கரை கண்டவர்கள் ஆற்றல் அழிவின்மை போன்ற விதியை வைத்து. கடையில் அந்த விதியின் இடத்தில் இருப்பது மெக்கானிக்கின் வேலை. எனவே புதிய திரையில் முதலில் வண்டி, அடுத்து ‘பின் வீல்’, ‘செயின்’, ‘என்ஜின்’.

முதலாளி ஒப்பவில்லை. அவர் பணம் கட்டுவது கம்பெனிவாரியாக. கணக்கும் மனதில் அப்படியேதான் ஓடுகிறது. எல்லோருடைய கட்டுகளையும் கலந்து நடுவாக ஒரே மெனு செய்வார்கள் சிலர். அது இவருக்கும் ஆகாது, பெரியவருக்கும் ஆகாது. கொள்முதல் திரையைக் கம்பெனி வரிசையிலேயே விட்டுவிட்டேன்.

என்ஜின் ஆயில் சீட்டைப் பெரியவர் எந்தக் கட்டிலும் சேர்க்கவில்லை. எதை வாங்க வந்தாலும் கூடவே கேட்பார்களாம். எந்த வண்டியைத் தேர்ந்தாலும் திரை ஓரத்தில் ஆயில் தெரியும்படி வைத்தோம். இப்போது ஸ்பார்க் பிளக்கையும் அங்கே வைக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அதற்கு இடம் கொடுத்தால் அடுத்து ஏர் ஃபில்டர் வரும்.