கிணற்று மண்ணும் குழாய்த் தண்ணீரும்: மகளோடு உருளைக் கணக்குப் போட்ட அனுபவம்

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆரமும் உயரமும் நேராகக் கொடுத்துவிட்டால் உருளையின் கனஅளவை உடனே போட்டுவிடுவாள். அதே உருளை கிணறாகவோ குழாயாகவோ வந்தால் பேனா நின்றுவிடும். அதனால் அளவியல் பாடத்துக்கென்று மாலையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, எது எங்கே போகிறது என்று மட்டும் முதலில் பார்த்தோம். 4 மீட்டர் விட்டம், 10.5 மீட்டர் ஆழத்தில் கிணறு வெட்டி, அந்த மண்ணைச் சுற்றிலும் 3 மீட்டர் அகலத்துக்கு மேடையாகப் போடுகிறார்கள். மேடையின் உயரம் என்ன? மண் இடம் மாறுகிறது, அளவு மாறவில்லை. (நிஜத்தில் வெட்டிய மண் உதிர்ந்து கூடுதல் இடம் பிடிக்கும், கணக்கில் அதைப் பார்ப்பதில்லை.) ஆகவே 'கிணற்றின் கனஅளவு = மேடையின் கனஅளவு' என்று எழுதச் சொன்னேன். எண்கள் அதற்கு அப்புறம்தான். மேடை ஓர் உள்ளீடற்ற உருளை. மேலிருந்து பார்ப்பதுபோல இரண்டு வட்டம் வரைந்ததும் உள் ஆரம் 2, வெளி ஆரம் 2 + 3 = 5 என்பது தெரிந்துவிட்டது. படம் இல்லாவிட்டால் 3-ஐயே வெளி ஆரமாக எடுக்கத் தோன்றும். கிணறு 42π, மேடை 21π × உயரம். விடை 2 மீட்டர். π-க்கு 22/7 போடவே வேண்டியிருக்கவில்லை.

குழாய்க் கணக்குதான் அதிக நேரம் எடுத்தது. 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் தண்ணீர் வருகிறது. 2 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள உருளைத் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்?

"குழாய்க்கு உயரமே கொடுக்கலையேப்பா" என்றாள். நல்ல கேள்வி. அந்த உயரம் வேகத்துக்குள் இருக்கிறது. மணிக்கு 3 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர். ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீரை அப்படியே படுக்க வைத்தால் 50 மீட்டர் நீள உருளை. இது பிடிபட்டதும் மீதியை அவளே போட்டாள். எல்லாவற்றையும் செ.மீ.க்கு மாற்றினாள்: தொட்டி π × 100 × 100 × 150, குழாய் நிமிடத்துக்கு π × 5 × 5 × 5000. வகுத்தால் 12 நிமிடம்.

விடையை லிட்டரில் யோசித்துப் பார்ப்பதையும் பழக்கினேன். ஒரு கனமீட்டர் 1000 லிட்டர், ஆகவே இந்தத் தொட்டி சுமார் 4,714 லிட்டர் பிடிக்கும். 47 லிட்டர் என்று வந்தால் அலகு மாற்றியதில்தான் பிசகு.

இப்போது கூம்புக்கு வந்திருக்கிறோம். உருளையை உருக்கிக் கூம்பாக வார்க்கும் கணக்குக்கும் அதே சமன்பாடுதான், மூன்றில் ஒரு பங்கு மட்டும் கூடச் சேர்கிறது.