அப்பாவின் ஸ்கேன் சிடியும் பதினோரு நாள் கம்பைலும்

07-09-2024, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை இன்னும் இறக்கவில்லை, அதற்குள் ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டேன். புதன் ராத்திரி அப்பாவுக்கு இடுப்புக்குப் பக்கத்தில் பொறுக்க முடியாத வலி, மறுநாள் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டர் கல் என்று ரிப்போர்ட். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். கவரில் ஃபிலிமோடு படங்கள் பதிந்த ஒரு சிடி வட்டும் இருந்தது, அதை யாரும் தொடவே இல்லை.

2011 மாடல் பழைய திங்க்பேடில்தான் சிடி டிரைவ் இருக்கிறது. 8 ஜிபி நினைவகம், அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி 14.1, யூனிக்ஸ் வகை இயங்குதளம். சிடியைப் போட்டால் உள்ளே விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு வியூவர், அப்புறம் டைகாம்டிர் என்று ஒரு கோப்பு, ஒரு ஃபோல்டர் நிறைய பின்னொட்டு இல்லாத எட்டெழுத்துப் பெயர்கள். ஒன்றைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸில் திறந்தேன். முதல் 128 பைட் வெறும் பூஜ்யம், அடுத்து டி, ஐ, சி, எம் என்று நான்கு எழுத்து. சரி, சுத்தமான டைகாம், மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரம். இதைத் திறக்க அந்த விண்டோஸ் வியூவர் எதற்கு?

ரெடிமேட் பேக்கேஜைப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டியது ஐடிகே-ஸ்நாப், ஸ்கேனை மூன்று கோணத்தில் காட்டும் நிரல். அதற்கு, மருத்துவப் படங்களை ஆராயும் லைப்ரரியான ஐடிகேயைக் கூடுதலாக ஒரு மாட்யூல் சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து கட்ட வேண்டும். படத்தை வரையும் விடிகேயை, ஜன்னலும் பொத்தானும் தரும் க்யூட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இப்படித்தான் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், மூன்று நாள் லீவு மாதிரி ஒரு மிதப்பு.

08-09-2024, ஞாயிறு

முதலில் டிசிஎம்டிகே. ஜெர்மனியில் ஓல்டன்பர்க் நகரத்து ஆஃபிஸ் (OFFIS) என்ற நிறுவனம் 1993-இலிருந்து வளர்த்துவரும், டைகாம் கோப்புகளைக் கையாளும் கருவிப்பெட்டி, டைகாம் என்ற தரமே அப்போதுதான் வெளிவந்தது. அவ்வளவு காலம் பழகிய நிரல் என்பதாலோ என்னவோ, கட்டும் வேலையை ஏற்பாடு செய்யும் சிமேக் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, காபி குடித்து வருவதற்குள் 3.6.8 கட்டி முடிந்தது.

கட்டிய இடத்திலிருந்தே, கோப்பின் விவரங்களைக் காட்டும் டிசிஎம்டம்ப்பை ஓட்டினேன். அகராதி எதுவும் ஏற்றப்படவில்லை என்று எச்சரிக்கை. ஒவ்வொரு விவரத்துக்கும் உள்ள டேக் எண்ணுக்குப் பெயர் சொல்லும் அந்த அகராதி தனிக்கோப்பு, அதை இன்ஸ்டால் ஆகவேண்டிய இடத்தில் தேடுகிறது, நான்தான் இன்ஸ்டாலே செய்யவில்லையே. செய்தபின் எல்லாம் வரிசையாக வந்தது. பெயர், வயது, துண்டின் (உடலின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமன், கடைசியில் பட வடிவம் 4.70 என்று முடியும் நீண்ட எண். அதாவது தரம் குறையாத ஜேபெக் அமுக்கம். விரித்தேன். 412 துண்டு, ஒவ்வொன்றும் 512க்கு 512, புள்ளிக்கு 2 பைட், ஆக துண்டுக்கு அரை எம்பி, மொத்தம் 206 எம்பி.

படமாக மாற்றினால் எல்லாம் சாம்பல் பூசிய சுவர் மாதிரி இருந்தது. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் வரும் அடர்த்தி எண்களின் வீச்சு பெரிது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கெட்டி எலும்பு ஆயிரத்துக்கும் மேலே. அத்தனையையும் 256 சாம்பல் நிறத்துக்குள் திணித்தால் ஈரலும் சிறுநீரகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். நடு 40, அகலம் 400 என்று ஜன்னல் வைத்து, அந்த வீச்சை மட்டும் சாம்பல் நிறங்களாகப் பிரித்தபிறகு வயிறு வயிறாகத் தெரிந்தது.

இடுப்புப் பகுதித் துண்டு ஒன்றில், திரையின் இடது பக்கம், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. ரிப்போர்ட்டிலும் இடது. கண்டுபிடித்துவிட்டேன்! சிவப்பு வட்டம் போட்டுச் சித்தி மகளுக்கு அனுப்பினேன், அக்கா ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராஃபர். ஐந்து நிமிடத்தில் போன்.

"டேய், அது பெரியப்பாவோட வலது பக்கம்டா. படுத்திருக்கிறவர் காலடியில நின்னு பார்க்கிற மாதிரிதான் படம் வரும். அப்புறம் நீ வட்டம் போட்டது கல்லே இல்ல, ரத்த நரம்புல படிஞ்ச சுண்ணாம்பு மாதிரி தெரியுது, வயசானவங்களுக்கு இடுப்புல சாதாரணமா இருக்கும்."

"அப்ப நிஜக் கல்லை எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

"கிட்னியில இருந்து குழாயைப் பிடிச்சுக்கிட்டே கீழ வா. குழாய்க்குள்ள இருந்தா கல். ஒரே ஒரு துண்டை வச்சுக்கிட்டு ஜோசியம் சொல்லாதே."

வெட்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் பதில் நான் காலையில் பார்த்த டேக்கிலேயே இருந்தது. படத்தின் திசையைச் சொல்லும் டேக்கில் 1, 0, 0, 0, 1, 0 என்று ஆறு எண். முதல் மூன்றும் வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்கின்றன, டைகாமில் எக்ஸ் கூடும் திசை நோயாளியின் இடது. ஆக திரையில் வலப்பக்கம் போகப் போக அப்பாவின் இடது பக்கம். படமாக மாற்றிய நிமிடமே அந்த ஆறு எண்ணையும் நானே தொலைத்துவிட்டிருந்தேன்.

குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டுமானால் மூன்று கோணத்திலும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஐடிகே-ஸ்நாப் இனிமேல் ஆசைக்கு அல்ல.

10-09-2024, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வந்து ஐடிகே 5.4. வீட்டு பிராட்பேண்ட் நேற்றிலிருந்து படுத்துக்கிடக்கிறது, போன் ஹாட்ஸ்பாட்தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. கம்பைலுக்கு எதற்கு நெட் என்று, கட்டும் கட்டளையான மேக்கை (make) ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது என்று போனில் மெசேஜ். சோதனைகளும் சேர்த்துக் கட்டு என்ற விருப்பம் தானாகவே ஆன் ஆக இருக்குமாம், ஆன் என்றால் சோதனைக்கான படங்களையும் கட்டும்போதே இறக்கிக்கொள்ளும். படிக்காமல் விட்டது என் தப்பு. சோதனை ஆஃப், உதாரணங்கள் ஆஃப், ஸ்நாப்புக்கு வேண்டிய அந்த ஒரே மாட்யூல் ஆன்.

இந்த சிமேக்கின் கதை தெரியுமோ? அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1990களில் ஒரு முழு மனித உடலை ஸ்கேன் எடுத்து, பிறகு உறையவைத்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்து, 1994-இல் வெளியிட்டது. அந்தப் படங்களைப் பிரித்துப் பொருத்தி ஆராய ஒரு திறந்த கருவி வேண்டும் என்று 1999-இல் தொடங்கியதுதான் ஐடிகே. எல்லா யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே மாதிரி கட்ட வழியில்லாததால், அதற்காகவே 2000 வாக்கில் சிமேக்கை எழுதினார்கள். இன்று யார் யாரோ எதெதற்கோ பயன்படுத்தும் கருவி பிறந்தது டாக்டர் வீட்டில்.

11-09-2024, புதன்

ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று நான்கு வேலை ஒரே நேரத்தில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் 63 சதவீதத்தில் செத்துக் கிடந்தது. பிழை என்று ஒரு வரிகூட உருப்படியாக இல்லை. கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) குறிப்புகளைக் காட்டும் டிமெசேஜில் பார்த்தால், நினைவகத்தை மீட்க முடியாததால் சி++ கம்பைலரைக் கொன்றேன் என்று கெர்னல் நிதானமாக எழுதிவைத்திருக்கிறது, அதுவும் இரண்டு முறை.

ஐடிகே முழுக்க டெம்ப்ளேட். ஒரே வடிகட்டியை இரண்டு பரிமாணம், மூன்று பரிமாணம், முழு எண், தசம எண் என்று ஒவ்வொரு கூட்டுக்கும் கம்பைலர் தனித்தனியாக விரித்து எழுதுகிறது. சின்னக் கோப்பு என்று நினைப்போம், அது ஒரு ஜிபியைத் தாண்டி வாங்கிக்கொண்டு நிற்கும். நான்கு பேர் அப்படிக் கேட்டால் 8 ஜிபி எங்கே போதும், பக்கத்தில் பிரவுசரையும் திறந்து வைத்திருந்தேன். நினைவகம் போதாதபோது கைகொடுக்க, வட்டில் 8 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு உருவாக்கி, அது தானாக ஏறும்படி எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன், நான்கை இரண்டாக்கினேன், பிரவுசரை மூடினேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்பா நடுவில் எட்டிப் பார்த்தார். "என்னடா, இன்னும் அந்த சிடியா?" என்றார். கையில் வாழைத்தண்டுச் சாறு.

13-09-2024, வெள்ளி

ஐடிகே நேற்று ராத்திரி முடிந்தது. இன்று விடிகே 9.3, பெரிதாகச் சண்டை இல்லை. வரைவதற்கு ஓபன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் வசதி 3.2 வேண்டும் என்று பயந்திருந்தேன், இந்தக் கிழட்டு இன்டெல் கிராஃபிக்ஸ் 3.3 வரை தருகிறது.

14-09-2024, சனி

இன்று முழுக்க வீண். இல்லை, முழுக்க இல்லை.

ஐடிகே-ஸ்நாப் மூலத்தை இறக்கினேன், துணைக் களஞ்சியங்களையும் சேர்த்து இழுக்காமல் விட்டதால் பாதி ஃபோல்டர் காலி. அது ஐந்து நிமிடத் தப்பு. அடுத்தது, எனக்கு நானே லினக்ஸில் எழுதி வைத்திருந்த கட்டும் ஸ்கிரிப்ட். ஓட்டினால் கோப்பு இல்லை என்கிறது. எல்எஸ் போட்டுக் கோப்புப் பட்டியலைப் பார்த்தால் இருக்கிறது! கண்ணெதிரே நிற்பவரை ஆளே இல்லை என்றால் எப்படி? இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, அதன் முதல் வரி சொல்லும் பேஷ், அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல். ஃப்ரீபிஎஸ்டியில் பேஷ் அடிப்படையில் கிடையாது, நாம் நிறுவினாலும் யூஎஸ்ஆர் லோக்கலுக்குக் கீழேதான் போய் உட்காரும். முதல் வரியைத் திருத்தியபின், அடுத்துத் தடுக்கியது கோப்பில் உள்ள எழுத்துகளை மாற்றும் செட் (sed) கட்டளை. இங்கே கோப்புக்குள்ளேயே மாற்றச் சொன்னால் நகலுக்கு என்ன பின்னொட்டு என்று கேட்கும், வேண்டாம் என்பதையும் வெற்று மேற்கோள் போட்டுச் சொல்லியாக வேண்டும்.

பிறகு வந்ததுதான் நிஜமான வலி. கட்டி முடிந்தது, ஓட்டினால் ஜன்னல் வருவதற்கு முன்பே விழுகிறது. மதியம் ஒன்றிலிருந்து ஆறு வரை பார்த்தேன். பைனரி எந்தெந்த லைப்ரரியைக் கேட்கிறது என்று எல்டிடியில் பட்டியல் எடுத்தபோது தெரிந்தது, க்யூட் 5, க்யூட் 6 இரண்டும் ஒரே நிரலுக்குள். என் மெஷினில் இரண்டும் இருக்கின்றன, விடிகே தானாகத் தேடி ஒன்றை எடுத்தது, ஸ்நாப் இன்னொன்றை எடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு மருமகள், இருவரும் ஒரே சமையலறையில்.

விடிகேயின் க்யூட் பதிப்பை 6 என்று கையால் எழுதி மறுபடி கட்டினேன். அப்போதும் விழுந்தது! சிமேக் முதல் தடவை கண்டதையெல்லாம் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், பாதையைப் பிறகு மாற்றினாலும் பழையதை அவ்வளவு லேசில் விடாது. ஸ்நாப், விடிகே இரண்டின் கட்டும் ஃபோல்டரையும் அப்படியே அழித்துவிட்டு முதலிலிருந்து. மூலத்துக்குள்ளேயே கட்டாமல் வெளியே தனி ஃபோல்டரில் கட்ட வேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் ஏன் கத்துகிறார்கள் என்று இப்போது புரிந்தது. அழிக்க ஒரே வரி போதும்.

15-09-2024, ஞாயிறு

காலை ஆறரைக்கு அப்பா குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலில் பயந்து ஓடினேன். கல் வந்துவிட்டது. வடிகட்டிப் பிடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், அதற்கு அப்பா எடுத்துப் போனது சமையலறை டீ வடிகட்டியை என்பது அப்புறம்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. புது வடிகட்டி வாங்கியாயிற்று.

விடிகே 41 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நிறுத்தவில்லை.

17-09-2024, செவ்வாய்

மிலாது நபி விடுமுறை. இன்ஸ்டால் செய்தபின் பகிர்வு லைப்ரரி கிடைக்கவில்லை என்று கடைசியாக ஒரு முறை முரண்டு பிடித்தது. எல்லாவற்றையும் வீட்டு ஃபோல்டருக்குள்தான் நிறுவியிருந்தேன், இன்ஸ்டால் செய்யும்போது சிமேக் உள்ளே எழுதியிருந்த தேடும் பாதையை நீக்கிவிடுகிறது. அந்தப் பாதையை வெளிப்படையாகக் கொடுத்தேன். பத்தரை மணிக்கு ஜன்னல் திறந்தது.

412 துண்டும் ஒரே முப்பரிமாண உருவமாக ஏறி, மூன்று கட்டங்களில் மூன்று கோணம். ஓரங்களில் ஆர், எல், ஏ, பி (வலது, இடது, முன், பின்) என்று எழுத்துகள், எந்தப் பக்கம் யாருடைய பக்கம் என்று இனி நான் ஊகிக்க வேண்டியதில்லை. அக்கா சொன்னபடி இடது சிறுநீரகத்திலிருந்து ஆரம்பித்தேன். குழாய் லேசாக வீங்கியிருந்தது, அதனால் பின்தொடர முடிந்தது. இறங்கி, இடுப்பெலும்புக்கு உள்ளே வளைந்து, சிறுநீர்ப்பைக்குச் சற்று முன்னால் வீக்கம் சட்டென்று நின்ற இடத்தில் வெள்ளையாக ஒன்று. கர்சரை வைத்தால் எண் 900-ஐத் தாண்டியது. யூரிக் அமிலக் கல் என்றால் பெரும்பாலும் 500க்குள் நின்றுவிடும், இது கால்சியம் வகையாக இருக்கலாம். இருக்கலாம்தான், லேப் ரிப்போர்ட் வரட்டும், நான் டாக்டர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வட்டம் போட்ட புள்ளியும் எதிர்ப்பக்கம் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, எந்தக் குழாய்க்குள்ளும் இல்லை.

படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். லேபுக்குக் கொடுப்பதற்காகக் காலி மாத்திரை டப்பாவில் வைத்திருந்த கல்லை எடுத்து வந்து, திரையில் இருந்த வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் பிடித்தார். நான் அளவுகோலை இழுத்து 4.8 என்று காட்டினேன். அவர் ஸ்கேல் எடுத்து வந்து நிஜக் கல்லை அளந்தார், கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டு மறுபடி அளந்தார்.

"அஞ்சுதான் வருது. உன் கம்ப்யூட்டர் கொஞ்சம் கம்மியா காட்டுது."

கட்டும் ஃபோல்டர்களை அழித்ததில் 19 ஜிபி திரும்பக் கிடைத்தது. எந்தெந்த விருப்பம் ஆன், எது ஆஃப் என்பதை மட்டும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, சிடியின் நகலோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தேன். ஸ்வாப் கோப்பு அப்படியே இருக்கட்டும்.