குழந்தையின் உறக்கம்: வீடு திரும்பும் முன் பேச வேண்டியவை

பிறந்த குழந்தையை எப்படி உறங்க வைக்க வேண்டும் என்ற பேச்சை, மருந்துச் சீட்டும் பில்லுமாகக் குடும்பமே பரபரத்துக்கொண்டிருக்கும் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது என்பதில் பிரசவ வார்டுச் செவிலியராகிய நான் உறுதியாக இருக்கிறேன். அந்த நேரத்தில் சொல்லும் எதுவும் தாயின் மனத்தில் பதியாது.

மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றதும், கக்கும் பால் புரையேறிவிடாதா என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நியாயமான அச்சம் இது. பொறுமையாக விளக்கினால்தான் தீரும். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் நுழைய மேல்நோக்கி ஏற வேண்டும். கவிழ்ந்து படுத்தாலோ மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும் இயக்கம் தொடங்கிய பின், காரணம் அறியப்படாத திடீர்ச் சிசு மரணங்கள் சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புரையேறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் பாதுகாப்பல்ல, ஏனெனில் அங்கிருந்து கவிழ்வது எளிது.

படுக்கை சமமாகவும் அழுந்தாததாகவும் இருக்க வேண்டும்; அதில் தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். குறைந்தது முதல் 6 மாதங்களுக்குப் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தை உறங்குவது நல்லது. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது என்பதைத் தந்தையிடம் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

சொல்வதைவிட வார்டில் நாங்கள் செய்வதைத்தான் பெற்றோர் வீட்டில் பின்பற்றுகிறார்கள். குறைமாதக் குழந்தைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத் திணறல் குறைவதற்காகச் சில வேளைகளில் கவிழ்த்துப் படுக்க வைக்கிறோம். அங்கே மானிட்டர் இருக்கிறது, வீட்டில் இல்லை. ஆகவே, வீடு திரும்புவதற்குப் பல நாட்கள் முன்பே அக்குழந்தைகளை மல்லாந்து உறங்கப் பழக்கி, காரணத்தையும் பெற்றோருக்கு விளக்கிவிட வேண்டும்.

நள்ளிரவில் பாலூட்டும்போது அசதியில் கண்ணயர்வது எந்தத் தாய்க்கும் நேரக்கூடியது; அதற்காக அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு உறங்கிப்போவதுதான் மிகவும் ஆபத்தானது. தூக்கம் சொக்கும் என்று தோன்றினால், தலையணையும் போர்வையும் விலக்கிய கட்டிலில் அமர்ந்து பாலூட்டுவது அதைவிட ஆபத்துக் குறைந்தது என்றும், விழித்தவுடன் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறேன்.

கடைசியாக, தாயையும் தந்தையையும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பாட்டியையும் ஒன்றாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் தம் கையாலேயே குழந்தையைப் படுக்க வைத்துக் காட்டச் சொல்கிறேன். மல்லாந்தே உறங்கிப் பழகிய குழந்தையை வேறொருவர் ஒருநாள் கவிழ்த்துப் படுக்க வைத்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், பாட்டிக்குச் சந்தேகம் இருந்தால் அது தீரும்வரை உட்கார்ந்து பேசுகிறேன்.