எவன்ஸ் வீட்டுக் கொடிவழி: ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு. கார்டிஃப்.

மேல்வீட்டுப் பெரியவர் இன்று எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனார். தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவில் குடியேறிய ஜான் டேனியல் எவன்ஸ் தம் பாட்டி வழியில் உறவு என்று அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களாம். கணினியில் தேடத் தெரிந்தவன் என்பதால் அதை நான்தான் உறுதிசெய்து தர வேண்டுமாம். எவன்ஸ் 1862இல் தெற்கு வேல்ஸின் மவுண்டன் ஆஷ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன், வெல்ஷ் குடியேறிகளை ஏற்றிச் சென்ற மிமோசா கப்பலில் ஏறி, அர்ஜென்டினாவின் சுபுத் பகுதியில் வழிகாட்டியாகவும் மாவு ஆலைக்காரராகவும் வாழ்ந்து 1943இல் இறந்தவர். அவருடைய ஆலையால், அது இருந்த ஊருக்கே ட்ரெவெலின் என்று பெயர். வெல்ஷ் மொழியில் அதற்கு ஆலையூர் என்று பொருள். இவ்வளவையும் நூல்களே சொல்லிவிடுகின்றன. கப்பலுக்கு முந்திய தலைமுறைகளும், வேல்ஸிலேயே தங்கிவிட்ட பங்காளிகளும்தான் எனக்கு வேண்டும்.

பிப்ரவரி 16

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 1861 ஏப்ரலில் வீடு வீடாக எழுதினார்கள். பையன் அதற்கு அடுத்த ஆண்டு பிறந்தான். மீண்டும் 1871இல் எழுதியபோது அவன் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தான். ஆக, பிறந்த நாட்டின் கணக்கெடுப்பு ஏடு ஒன்றில்கூட அவன் பெயர் விழவில்லை. பிறப்புப் பதிவேடு 1837 முதல் இருக்கிறது. ஆனால் மவுண்டன் ஆஷ் இருக்கும் கிளாமோர்கன் பகுதியில் ‘ஜான் எவன்ஸ்’ என்று தேடுவது நம் ஊரில் ‘முருகன்’ என்று தேடுவதற்குச் சமம். அவசரப்பட்டு ஒரு சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். வந்த தாளில் இருந்த தகப்பன் பெயர் டேனியல் அல்ல. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இணையப் பட்டியலில் கிடைக்கிறது என்பதை முதலில் கவனித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

பெயரின் சிக்கல் தமிழருக்குச் சொல்லாமலே விளங்கும். வெல்ஷ்காரர்களுக்குப் பழங்காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. நாம் தலைப்பெழுத்தாகத் தந்தை பெயரை வைப்பதுபோல, அவர்கள் ‘அப்’ என்று சேர்த்துத் தந்தை பெயரைச் சொல்வார்கள். ‘அப்’ என்றால் மகன். ஆங்கில ஆட்சியின் எழுத்தர்கள் கேட்டுக் கேட்டு, ஏதோ ஒரு தலைமுறையில் அந்தத் தந்தை பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. நாட்டுப்புறத்தின் சில பகுதிகளில் இது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும்கூட இழுத்தது. எவன்ஸ் என்பது இயுவான் என்பவரின் மகன். இயுவான் என்பது ஜானின் வெல்ஷ் வடிவம். எனவே ஜான் எவன்ஸ் என்றால் யோவானின் மகன் யோவான் என்பதற்கு மேல் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருப்பதை இருநூறு ஆண்டு கழித்து எவராவது பார்த்து, அதே பெயருள்ளவர்களையெல்லாம் எனக்குப் பங்காளிகளாக எழுதி வைப்பார்களோ என்னவோ.

மார்ச் 1

புனித டேவிட் நாள். தெருவெல்லாம் மஞ்சள் டாஃபடில் பூ.

மிமோசா 1865 மே 28 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்டு ஜூலை 28 அன்று கோல்ஃபோ நுவேவோ வளைகுடாவை அடைந்தது. பயணிகளின் எண்ணிக்கையே 153 என்றும் அதற்கு மேலும் பலவாறு சொல்லப்படுகிறது. வெல்ஷ் மொழியும் வழிபாடும் ஆங்கிலத்தில் கரைந்துவிடாத ஓர் இடம் வேண்டும் என்று பாலா ஊர்ப் போதகர் மைக்கேல் டி. ஜோன்ஸ் முன்னின்று எழுப்பிய குடியேற்றம் அது. கப்பல் செலவின் பெரும்பங்கு அவருடைய மனைவியின் சொத்திலிருந்து போனது. அவரோ அங்கே குடியேறவில்லை.

அவருடைய மகனின் பெயர் லுய்ட் அப் இவான்; ‘ஜோன்ஸ்’ என்பதை வெல்ஷாக்கி வைத்த பெயர். ஜோன்ஸ் என்ற பெயரை வைத்துத் தேடுபவர் இந்த மகனைக் கண்டுபிடிக்கவே முடியாது. 1909 டிசம்பரில் இரண்டு வட அமெரிக்கக் கொள்ளைக்காரர்கள் இவரை, இவர் நடத்திவந்த கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவன் பெயர் எவன்ஸ். அவனையும் இந்த எவன்ஸ் வீட்டில் சேர்த்துவிடாமல் இருக்க, என் குறிப்பேட்டில் அவன் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 4

இதே தேதியில், 1884இல், பொன்னும் நல்ல நிலமும் தேடி மலைப்பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நான்கு வெல்ஷ்காரர்களைப் பழங்குடி வீரர்கள் தாக்கினார்கள். மூவர் மாண்டார்கள். எவன்ஸின் குதிரை மலாக்காரா செங்குத்தான ஒரு பள்ளத்தைத் தாண்டிக் குதித்ததால் அவர் மட்டும் பிழைத்தார். முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ள குதிரையை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். குதிரை 1909இல் இறந்தது. ட்ரெவெலினில் அவர் தம் தோட்டத்தில் அதைப் புதைத்துக் கல் நாட்டினார். கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வாசகம் ஸ்பானிஷ் மொழியில், தேதி 4-3-84, கீழே ஜான் டி. எவன்ஸ். ஸ்பானிஷ் எழுத்தர்கள் ஜான்களை ஹுவான் ஆக்கிக்கொண்டிருந்த நாட்டில், ஸ்பானிஷ் வாசகத்தின் அடியில் ஜான் ஜானாகவே நிற்கிறார். நடுவில் உள்ள அந்த ‘டி’ தகப்பன் டேனியலின் முதலெழுத்து. நான் பணம் கொடுத்து வாங்கிய தாளைவிட இந்தக் குதிரைக் கல் உருப்படியான சான்று.

மார்ச் 15

அந்தத் தாக்குதலை மட்டும் சொல்லி நிறுத்தும் கதைகள் எனக்கு உடன்பாடில்லை. அர்ஜென்டினப் படை பழங்குடிகளை வேட்டையாடிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளில், வேட்டையாடக் கற்றுக்கொடுத்தும் ரொட்டிக்கு இறைச்சி மாற்றியும், சுரங்கத்தைத் தவிர வேறு தொழில் அறியாத பல குடியேறிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் தெவெல்சே என்னும் பழங்குடி மக்கள்தான். எவன்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் வால்செத்தா கைதி முகாமைக் கண்டதை எழுதியிருக்கிறார். கம்பி வேலிக்குள் அடைபட்டிருந்த பழங்குடிகள் பாதி ஸ்பானிஷிலும் பாதி வெல்ஷிலுமாகக் கொஞ்சம் ரொட்டி கேட்டார்கள். ‘பாரா’ என்பது ரொட்டிக்கான வெல்ஷ் சொல். வேலியோரம் ‘பாரா, பாரா’ என்று ஓடிவந்த ஒருவனை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் சிறுவயதில் கூடவே திரிந்து ரொட்டியைப் பகிர்ந்துண்ட நண்பன் என்று தெரிந்தது. அவனைப் பாலைநிலத்துச் சகோதரன் என்றே எழுதுகிறார். மீட்பதற்காகப் பின்னர் பணத்தோடு போனபோது அவன் இறந்துபோயிருந்தான்.

கொடிவழித் தாளில் அவனுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் ஜானின் பெயருக்குப் பக்கத்தில், உடன்பிறந்தாரை எழுதும் வரிசையில், பெயரில்லாத ஒரு கட்டம் போட்டேன்.

மார்ச் 29

ரயிலில் மவுண்டன் ஆஷ் போய்வந்தேன். நல்ல மழை. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 6

பெரியவர் பாட்டியின் பைபிளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முன்தாளில் பிறப்புகள் வெல்ஷில் எழுதப்பட்டிருக்கின்றன. கடைசி இரண்டு மட்டும் ஆங்கிலத்தில், வேறு கையெழுத்தில். மூன்றாவது வரியில் ஒரு டேனியல் எவன்ஸ் இருக்கிறார், ஊர் அபெர்பெனார். மவுண்டன் ஆஷின் வெல்ஷ் பெயர் அதுவேதான். பெரியவர் மேசையைத் தட்டி, “முடிந்தது, எழுதுங்கள்” என்றார். ஆண்டு நின்ற இடத்தில் ஈரம் பட்டு மை கரைந்திருக்கிறது. அந்தச் சுரங்க ஊரில் டேனியல் எவன்ஸ் ஒருவர்தான் இருந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. 1861 கணக்கெடுப்பில் அந்த ஊர் டேனியல்கள் அனைவரையும் வயதோடு எடுத்து எழுதும் வரை, பாட்டிக்கும் கப்பலேறிய டேனியலுக்கும் நடுவே பென்சிலில் புள்ளிக்கோடுதான் போட முடியும் என்று சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தார்.