கொழும்பு ஓட்டோவில் தொங்கிய கியூஆர் அட்டை

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்கு நான் பிடித்த ஓட்டோவில், முன்கண்ணாடி ஓரமாக லேமினேட் செய்த ஒரு கியூஆர் அட்டை தொங்கியது. மூலைகள் மடங்கி, வெயிலில் மஞ்சளித்துப் போயிருந்தது. 2022 ஜூலையில் இலங்கை அரசு கொண்டுவந்த எரிபொருள் பாஸ் அது. 2023 செப்டம்பரிலேயே அந்த முறையை நிறுத்திவிட்டார்கள். ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "திரும்ப வந்தா என்ன செய்ய அண்ணே?" என்றார் ஓட்டுநர்.

அவர் பயம் நியாயமானது. 2019 கடைசியில் 15 சதவீத வாட் வரியை 8 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் கொரோனாவில் சுற்றுலா வருமானம் போனது. 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் விளைச்சலும் விழுந்தது. கையிருப்பு டாலர் கரைந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. பெட்ரோல் ஷெட் வாசலில் ஜனங்கள் நாள்கணக்கில் நின்றார்கள். வரிசையிலேயே சிலர் இறந்தும் போனார்கள்.

அந்த நேரத்தில் வந்ததுதான் கியூஆர். வண்டியைப் பதிவு செய்தால் போனுக்குக் குறியீடு வரும், ஷெட்டில் அதை ஸ்கேன் செய்து, அந்த வாரத்துக்கு ஒதுக்கிய அளவில் கழிப்பார்கள். ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வாடகைக்கு ஓடும் ஓட்டோவுக்கு 5 லிட்டர் எந்த மூலைக்கு? ஆனாலும் அவர் அதைத் திட்டவில்லை. "இது வந்த பிறகுதான் ராத்திரி வீட்டில படுத்தோம்" என்றார். ஒரே வண்டி திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நிரப்புவது அதனால் கஷ்டமாகிவிட்டது. தட்டுப்பாட்டை எந்தச் செயலியும் தீர்க்காது, ஆனால் இருப்பதை நியாயமாகப் பங்கிட உதவும். அதுவே பெரிய காரியம் என்று நான் நம்புகிறேன்.

அதே 2022 ஜூலையில்தான் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போய்ப் பதவி விலகினார். அவருக்கு எதிராகப் போராடியவர்கள் கூடாரம் போட்டிருந்த காலிமுகத்திடலுக்கு மாலையில் போனேன். பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளுவண்டியில் இஸோ வடை கிடைத்தது: பருப்பு வடைமேல் முழு இறாலை ஓட்டோடு பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் தூவித் தருகிறார்கள். தலையோடு மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிட வேண்டும். தலையைப் பிய்த்துப் போட்டால் ருசியே போச்சு.

நிலைமை சீராகிவிட்டது என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, பிறகு நன்றாகவே இறங்கியது. ஆனால் இறங்கியது விலை ஏறும் வேகம்தான். பாண் என்கிற ரொட்டியும் பால்மாவும் பழைய விலைக்கு வரவில்லை. கூலியும் அந்த அளவுக்கு ஏறவில்லை என்பது ஓட்டுநரின் குறை. ஓட்டோ லீசிங்கில் எடுத்தது, தவணை மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

நம் யூபிஐ 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் செல்லுகிறது. வெள்ளவத்தையில் ஒரு கடையில் போனிலேயே பணம் கட்டினேன். அதைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார். தனக்குக் காசாகவே வேண்டும் என்றார். போகிற வழியில் பெட்ரோல் அடிக்க வேண்டுமாம்.